தேரிக்காட்டுச் சாஸ்தா

தொல்காப்பியர் நிலத்தை நான்காகப் பகுத்து நான்குக்கும் தெய்வம் சொல்கிறார். நடுவில் நிற்கும் பாலைக்கு நிலமும் தரவில்லை, தெய்வமும் தரவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து தம் இயல்பு திரிந்தால் அதுவே பாலை என்று பின்னால் வந்த இளங்கோவடிகள் காடுகாண் காதையில் விளக்கம் தருகிறார். பிற்கால இலக்கண நூலார் கொற்றவையைக் கொண்டுவந்து அந்த வெற்றிடத்தை நிரப்பினார்கள். முள்ளிப்பட்டிலிருந்தும் ஆரணியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வரும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தச் செய்திகளை ஆண்டுதோறும் சொல்லிவருகிறோம். ஏரியும் நெல்லும் அரிசி ஆலையும் விடியற்காலைத் தறிச்சத்தமும் உள்ள ஊரில் இருந்துகொண்டு பாலையை எதைக் காட்டி விளக்குவது? அது பிரிவின் நிலம், யாரும் வாழாத வெறுமை, தலைவன் பொருள் தேடிக் கடந்துபோகும் வழி என்று சொல்லிவிட்டு அடுத்த திணைக்குப் போய்விடுவது வழக்கம்.

சென்ற மார்கழி விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர் விழுப்புரத்தில் செந்தூர் விரைவுவண்டி ஏறி, திருச்செந்தூரில் இறங்கி, தேரிக்குப் போனோம். எங்களில் மூவர் தமிழ்த்துறை. ஒருவர் நிலவியல் படித்தவர். இன்னொருவர் வணிகவியல் ஆசிரியர். அவர் ஏன் வந்தார் என்பதைப் பிறகு சொல்கிறோம்.

தேரி என்றால் மணல்மேடு. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் கடலோரத்தில், கடலிலிருந்து சற்றே உள்வாங்கிய நிலத்தில், இந்தச் செம்மணல் மேடுகள் விட்டுவிட்டுத் தென்திசை நோக்கிச் செல்கின்றன. அவற்றுள் பெரியது குதிரைமொழித் தேரி. சுமார் 12,000 ஏக்கர் என்பார்கள். சாத்தான்குளத்துப் பக்கமும் இராதாபுரத்துப் பக்கமும் வேறு தேரிகள் உள்ளன. திரைப்படக்காரர்களுக்கு இந்த இடம் நன்றாகத் தெரியும். துரத்தலோ வெட்டுக்குத்தோ வேண்டும்போது இங்கு வந்து படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். ஆகவே தேரியைப் பார்க்காதவர்களும் அதைப் பார்த்தே இருப்பார்கள், பெயர்தான் தெரிந்திருக்காது.

நிறத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். பட்டுக்குச் சாயம் தோய்ப்பவரிடம் சென்று வெறுமனே சிவப்பு என்று சொன்னால் அவர் சிரிப்பார். அரக்கா, குங்குமமா, மாதுளையா, செங்கல்லா என்று கேட்பார். சாயப்பட்டறை வாசலில் வளர்ந்த எங்களுக்கே தேரியின் சிவப்புக்குப் பெயர் வைக்க முடியவில்லை. விடிந்ததும் மழை ஈரம் உலராத மணல் அடர்ந்த அரக்காக இருந்தது. ஒன்பது மணிக்கு அது செங்கல் நிறமாகி, உச்சியில் வெளுத்து, ஏறக்குறைய ஆரஞ்சுக்கு வந்தது. மாலையில் மேட்டின் ஒரு சரிவு குங்குமமாகவும் மறு சரிவு கத்தரி நிறத்தை நெருங்கியதாகவும் தெரிந்தது. பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமாக நெய்த சேலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது நிறம் ஓடுமே, அப்படி. இதன்மேல் அங்கங்கே மெல்லிய கறுப்புக் கோடுகள். காற்று மணலைப் புடைத்து, கனமான கருமணலைத் தனியே ஒதுக்கிவைத்திருக்கிறது. எங்கள் நிலவியல் நண்பர் அதைத் தொட்டு, இல்மனைட், கார்னெட் என்று கனிமங்களின் பெயர்களைச் சொன்னார். ஒரு சிட்டிகை மணலை அமிலத்தில் கழுவினால் சிவப்பெல்லாம் போய் வெள்ளைக் குவார்ட்ஸ் பரல்கள்தான் மிஞ்சும், பரலின்மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருக்கும் மெல்லிய பூச்சுதான் இத்தனை நிறமும் என்றார். அதாவது இதுவும் சாயம்தான். தோய்த்து எடுக்க ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடித்திருக்கிறது, அவ்வளவே.

இந்த மணல் எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களிடையே இரு கருத்துகள் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் மேற்குமலைக் கணவாய் வழியாக வீசும் வறண்ட காற்று உள்நாட்டுச் செம்மண்ணை வாரிக்கொண்டுவந்து கொட்டியது என்பது ஒன்று. பழைய கடற்கரை மணலே இருந்த இடத்தில் சிவந்தது என்பது இன்னொன்று. இரண்டுமே ஓரளவு உண்மையாக இருக்கலாம் என்பது எங்கள் நண்பரின் எண்ணம். எங்களுக்கு வழிகாட்டியாக வந்த பனையேறும் பெரியவருக்கு இதில் ஐயமே கிடையாது. “காத்துதான் சார். ஆனி ஆடில வந்து பாருங்க, இங்கன நிக்க முடியாது. நீங்க வந்த தடம் திரும்பிப் போகயில இருக்காது” என்றார். நகரும் மணல் தோட்டத்தையும் கிணற்றையும் மூடிய காலத்தைப் பற்றித் தம் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறாராம். மணலை நிறுத்துவதற்காகத்தான் பனையும் உடைமரமும் வைத்தார்கள். பிற்காலத்தில் வனத்துறை கொல்லாமரத்தை, அதாவது முந்திரியை, வரிசை வரிசையாக நட்டது. இன்று தேரியின் பெரும்பகுதி காப்புக்காடு. வெறும் மணலாக ஓடும் இடங்கள் சுருங்கிக்கொண்டு வருகின்றன.

இந்த மணலில் மனிதர் விட்டுச்சென்ற தடங்களைத் தேடுவோர் முதலில் கற்களைத்தான் பார்க்கிறார்கள். பல்லாவரத்தில் 1863-இல் கற்கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் பூட், மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலைப் பற்றி எழுதி 1883-இல் வெளிவந்த அறிக்கையில் தேரிகளையும் விவரித்திருக்கிறார். அதன்பின் 1956-இல் சூனர், பிரிட்ஜெட் ஆல்ச்சின் ஆகிய இருவரும் சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம், நாசரேத், குளத்தூர் முதலிய ஊர்களை ஒட்டிய தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைத் தொகுத்து எழுதினார்கள். விரல் நுனியில் அடங்கும் கருவிகள் அவை. பிறைபோன்ற விளிம்பும் கூர்முனையும் உடைய இந்தச் சில்லுகளை மரத்தண்டில் பதித்து அம்பாகவும் கத்தியாகவும் பயன்படுத்தியிருக்க வேண்டும். மூலக்கல் குவார்ட்ஸும் செர்ட்டும். பல சில்லுகளில் தேரியின் சிவப்பே ஏறியிருக்கிறது என்பதைக் கொண்டு, மணல் சிவப்பதற்கு முன்பே அவை அங்கே கிடந்தன என்று அவர்கள் வாதிட்டார்கள். காலத்தைக் கடல்மட்டத்தோடு பொருத்தி கி.மு. 4000 அளவில் வைத்தார்கள். மணற்பரல்கள் கடைசியாக எப்போது வெயில் பார்த்தன என்பதை அளக்கும் முறை பின்னால் வந்து, தேரி மணலில் ஒரு பகுதி சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பே படிந்தது என்று காட்டியிருக்கிறது.

இந்த ஊர்ப் பெயர்களைப் படிக்கும்போதே ஒரு விசித்திரம் தோன்றும். சாயர்புரம், நாசரேத், மெய்ஞ்ஞானபுரம் எல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறித்தவ மிஷனைச் சுற்றி வளர்ந்த ஊர்கள். வேட்டைக்காரனின் அம்புமுனையும் கோதிக் கோபுரமும் ஒரே செம்மணலில் நிற்கின்றன. இன்னும் தெற்கே இடையன்குடி. கால்டுவெல் 1841-இல் வந்து தங்கி, பல்லாண்டுகள் வாழ்ந்து, அடக்கமும் ஆன ஊர். 1856-இல் வெளிவந்த அவருடைய ஒப்பிலக்கணத்தை நாங்கள் மாணவர்களுக்குச் சொல்லும்போது அதை ஏதோ நூலகத்துக்குள் இருந்து எழுதியதாகவே அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். தேரியின் விளிம்பில், பனைகளுக்கு நடுவே எழுந்த நூல் அது. அவரே 1849-இல் பனையேறும் மக்களைப் பற்றி எழுதிய இன்னொரு நூலில் அவர்களைத் தாழ்த்திப் பேசியதற்காகக் கடும் எதிர்ப்பைச் சந்தித்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு மொழியின் பெருமையை உலகுக்குச் சொன்ன மனிதருக்கு, வாசலில் நின்ற மனிதரின் பெருமை முழுதாகப் புலப்படவில்லை.

தேரி நீரற்ற நிலம் என்று எண்ணிவிட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்கிறது. பெய்த மழை ஓடுவதில்லை, தேங்குவதில்லை, மணல் அப்படியே குடித்துவிடுகிறது. “மேல் மண்ணு காஞ்சாப்பல தெரியும். ஒரு முழம் தோண்டுங்க, ஈரமாத்தான் இருக்கும்” என்று பெரியவர் கையாலேயே தோண்டிக் காட்டினார். இப்படி இறங்கிய நீர் மேடுகளின் அடிவாரத்தில் சுனையாகக் கசிகிறது. தாழ்ந்த இடங்களில் தருவை என்று வழங்கும் ஆழமற்ற ஏரிகளாக விரிகிறது. புத்தன்தருவை என்று ஊர்ப்பெயரே உண்டு. பனைக்கு இந்த ஈரம் போதும். உடன்குடிக் கருப்பட்டியின் சுவைக்குக் காரணம் இந்த மண்தான் என்று அங்கே எல்லோரும் சொல்கிறார்கள். அந்தக் கருப்பட்டி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. பதநீர்க் காலம் தொடங்கவில்லை என்பதால் எங்களுக்குக் கிடைத்தது பழைய கருப்பட்டி போட்ட காபிதான். அதற்கே ஐந்து பேரும் இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடித்தோம்.

சுனை இருக்கும் இடத்தில் சாஸ்தா இருக்கிறார். தென்மாவட்டங்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு. அய்யனார் என்றாலும் அவரே. தேரிக்குள் இரண்டு கோயில்கள் பெயர்பெற்றவை. மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார்; பெயரிலேயே சுனை இருக்கிறது. தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார். இந்தக் கோயிலில் கார்த்திகை முடியும் வேளையில் கள்ளர்வெட்டு என்று ஒரு விழா நடக்கிறது. கள்ளனாகப் பாவித்து ஓர் இளநீரைத் தேரி மணலில் வைத்து வெட்டுகிறார்கள். நீர் சிந்திய மணலை வாரியெடுக்கக் கூட்டம் பாய்கிறது. எடுத்த மண்ணை வீட்டிலும் வயலிலும் கடைக் கல்லாவிலும் வைத்துக்கொள்கிறார்கள். நாங்கள் போனபோது விழா முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. மேடெங்கும் ஆயிரக்கணக்கான காலடிகள் இன்னும் கலையாமல் இருந்தன.

தமிழ்த்துறைக்காரர்களுக்கு இதைக் கேட்டதும் மனம் எங்கே ஓடும் என்று வாசகர்களுக்குத் தெரியும். பாலை வழியில் பதுங்கியிருந்து வழிப்போக்கரைக் கொல்லும் ஆறலைகள்வர்! வெயில், மணல், கள்வர், வெட்டு என்று எல்லாம் கணக்காகப் பொருந்திவருகின்றன. எங்களில் ஒருவர் அன்றிரவே கட்டுரைத் தலைப்பு வைத்துவிட்டார். இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியை ஓர் இளநீரால் நிரப்பிவிட முடியாது என்று மற்ற இருவரும் அவரைத் தடுத்தோம். ஒன்று மட்டும் சொல்லலாம். இலக்கணம் தெய்வம் தராமல் விட்ட நிலத்துக்கு மக்கள் தெய்வம் வைத்திருக்கிறார்கள். அந்தத் தெய்வம் அங்கே காவல் காப்பது நீரை.

இனி வணிகவியல் நண்பரின் கதை. அவர் பிறந்தது முள்ளிப்பட்டில். அவருடைய தாத்தா இந்தப் பக்கத்திலிருந்து வடக்கே வந்து, ஆரணியில் ஒரு மளிகைக் கடையில் வேலைக்கு நின்று, பிறகு தனிக்கடை போட்டவர். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அது அண்ணாச்சி கடை. ஊர் எதுவென்று யாரும் கேட்டதில்லை. தாத்தாவும் அப்பாவும் மறைந்தபின், மகளுக்குக் காதுகுத்த வேண்டிய நேரத்தில்தான், தம் குலதெய்வம் எது என்று தமக்குத் தெரியாது என்பது நண்பருக்கு உறைத்தது. அவரிடம் இருந்த சான்றுகள் மூன்று. தாத்தா எழுதிய கடைப் பேரேட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழிக்குக் கீழே ‘சாஸ்தா துணை’ என்று இருந்தது. எந்தச் சாஸ்தா என்று எழுதவில்லை. எழுதியவருக்கு அது தேவைப்பட்டிருக்காது. இரண்டாவது, அத்தை ஒருவரின் நினைவு. சிறுமியாக இருந்தபோது சிவப்பு மணலில் நெடுந்தூரம் நடந்து, ஒரு சுனையில் குளித்து, பொங்கல் வைத்ததாக அவர் சொன்னார். மூன்றாவது, கார்த்திகையின் கடைசி நாளில் அப்பா கடையைத் திறக்கமாட்டார் என்பது.

சுனை என்றால் அருஞ்சுனை காத்த அய்யனார். கார்த்திகைக் கடைசி என்றால் கற்குவேல் அய்யனார். சான்றுகள் இரண்டு கோயிலுக்கும் பிரிந்து நின்றன.

இப்படித் தேடி வருபவர்கள் அங்கே புதியவர்கள் அல்லர் என்பது பூசாரி கேட்ட கேள்விகளிலேயே தெரிந்தது. “தாத்தா எந்த ஊர்ல இருந்து கெளம்புனாவ? பங்குனி உத்திரத்துக்கு எந்தக் கோயிலுக்கு வண்டி கட்டுனாவ?” என்றார். நண்பரிடம் விடை இல்லை. பங்குனி உத்திரத்தன்று சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் குடும்பம் குடும்பமாகத் தேரிக்குள் வந்திறங்கி அவரவர் சாஸ்தாவுக்குப் பொங்கலிடுகிறார்கள். ஊரில் வீடு இல்லை, நிலம் இல்லை, உறவும் சில வேளை இல்லை. ஆண்டுக்கு ஒருநாள் வந்து நிற்கும் இடம் மட்டும் இருக்கிறது. அந்த நாளைத் தொடர்ந்து தவறவிட்டால் மூன்றாம் தலைமுறையில் தடம் அழிந்துவிடுகிறது. பெரியவர் சொன்ன ஆடிக்காற்று எங்களுக்கு நினைவு வந்தது.

ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் முன்பு சில படங்கள் அனுப்பியிருந்தார். கூபர் பீடி என்னும் சுரங்க ஊருக்கு வடக்கே முப்பது கிலோமீட்டர் அளவில் உள்ள கன்கு-பிரேக்கவேஸ் என்ற பாலைநிலப் பூங்கா அது. ஒருகாலத்தில் உள்நாட்டுக் கடல் மூடியிருந்த இடம். மஞ்சளும் வெள்ளையும் காவியும் சிவப்புமாகக் குன்றுகள் நிற்கின்றன. அருகருகே நிற்கும் இரண்டு குன்றுகள் அந்நிலத்துப் பழங்குடி மக்களுக்கு இரண்டு நாய்கள். (நம் அய்யனாருக்கும் குதிரையோடு நாய் உண்டு.) அம்மக்களின் நில உரிமையை அந்நாட்டு நீதிமன்றம் 2011-இல் ஏற்றது. இன்று பூங்காவின் பெயரில் அவர்களுடைய சொல் முன்னால் நிற்கிறது. பராமரிப்பிலும் அவர்களுக்குப் பங்கு இருக்கிறது. படங்களைக் காட்டி எங்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. நம் தேரிக்கு அப்படி உரிமை கோரக்கூடியவர் யார்? நுண்கற்கருவி செய்தவனின் வழித்தோன்றல் என்று யாரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது. சொன்னால் ஐயத்தோடுதான் கேட்க வேண்டும். பொங்கலிட வருபவர்கள் பல சாதியினர், பல ஊரினர். அவர்களை ஒரு தொல்குடியாக ஆக்கிவிட முடியாது. ஆனாலும் அவர்களுடைய உறவு எந்த ஆவணத்திலும் இல்லை என்பது எங்களை உறுத்தியது. வனத்துறைக்கு அது காப்புக்காடு. கனிமம் தேடுவோருக்கு அது டைட்டானியம். சாத்தான்குளம், இராதாபுரம் பகுதியில் டைட்டானியம் டை ஆக்சைடு ஆலைக்காக டாட்டா நிறுவனம் 2007-இல் அரசோடு ஒப்பந்தம் செய்தபோது ஊர்கள் கிளர்ந்தெழுந்தன. திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. கடற்கரைத் தாதுமணல் அள்ளுவதை 2013-இல் அரசு நிறுத்தியது. அன்றைய போராட்டத்தில் பனையைப் பற்றியும் நிலத்தடி நீரைப் பற்றியும் பேசினார்கள். சாஸ்தாவைப் பற்றியும் பேசியிருப்பார்கள்; அது எந்த மதிப்பீட்டுப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதப்படும் என்று தெரியவில்லை. இழப்பீடு கணக்கிடப் பனைக்கு ஒரு விலை, கிணற்றுக்கு ஒரு விலை போட்டுவிடலாம். ‘சாஸ்தா துணை’ என்று ஆரணியில் இருக்கும் ஒரு பேரேட்டில் எழுதியிருப்பதற்கு என்ன விலை?

கோயிலில் நின்றிருந்த மற்றொருவர் நண்பருக்கு ஆறுதல் சொன்னார். “சாஸ்தா தெரியாதவங்க சொரிமுத்தையனாரக் கும்பிடுவாங்க சார். இல்லன்னா செந்தூர்ல முருகன் இருக்கான், அவன் எல்லாருக்கும் சொந்தம்.” நல்ல ஏற்பாடுதான். நண்பர் ஒப்பவில்லை. பொதுவாக எல்லோருக்கும் உள்ள சாமியைத் தேடி நான் இவ்வளவு தூரம் வரவில்லை என்றார். பெரியவர்தான் முடிச்சை இளக்கினார். அத்தைக்கு நினைவிருப்பது அவர் அம்மாவோடு போன கோயிலாக இருக்கலாம், அப்பா கடையை மூடியது தம் அப்பா வழிச் சாமிக்காக இருக்கலாம், ஒரு வீட்டுக்கு இரண்டு வழி உண்டல்லவா என்று கேட்டார். பேரேட்டையும் வாய்மொழியையும் அடுக்கிவைத்துக் குழம்பிக்கொண்டிருந்த ஐந்து ஆசிரியர்களுக்கும் இது தோன்றவில்லை.

நண்பர் கற்குவேல் அய்யனார் கோயில் அருகே குனிந்து ஒரு பிடி மணலை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்தார். காப்புக்காட்டிலிருந்து கனிமம் கடத்துகிறீர் என்று நிலவியல்காரர் கேலி செய்தார். நண்பர் சிரிக்கவில்லை. பிறகு ஒரு தாளில் தாத்தாவின் பெயர், தாத்தாவின் தம்பிமார் இருவரின் பெயர்கள், ஆரணிக்கு வந்ததாக வீட்டில் சொல்லும் ஆண்டு ஆகியவற்றை எழுதிப் பூசாரியிடம் கொடுத்தார். பூசாரி அதைப் படித்துப் பார்த்து, தம்பிமார் பெயரில் ஒன்றின்மேல் விரலை வைத்து, இந்தப் பெயரில் காயாமொழிப் பக்கம் ஒரு குடும்பம் பங்குனிக்கு வரும், கேட்டு வைக்கிறேன் என்றார். தாளை மடித்துத் தம் நோட்டுப் புத்தகத்தில் செருகினார். அதற்குள் அதைப்போல ஏழெட்டுத் தாள்கள் ஏற்கெனவே இருந்தன.